வெள்ளிக்கிழமை கொடுக்காத பால் கவர்

திருடனை ரெண்டு அதட்டில் உண்மை சொல்ல வைத்த பொன்செல்விக்கு, ஒரு பால் கவரை வீட்டைவிட்டு வெளியே வரவழைக்க முடியவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் மக்களே; சிரித்துவிட்டே கேளுங்கள்.

பொன்செல்வி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குத்துக்கல்வலசையில், தன் தெருமுனையில் பஞ்சாயத்து கொடுத்த கொட்டகையில் பழைய சாமான் சேர்க்கும் இடம் ஒன்றை நடத்தினார். பால் கவர், ஷாம்பு பாட்டில், அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிக்கூண்டு. வீடுகளில் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து போடுவார்கள். சுரண்டை வியாபாரியின் லாரி அள்ளிக்கொண்டு போகும். ஈரச் சாமானை எடுக்காது. நிறையச் சேராவிட்டால் நிற்காது. லாரி நிற்கும்வரைதான் கொட்டகை என்று வார்டு மெம்பர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவருடைய மைத்துனருக்கு அந்த இடத்தில் பரோட்டாக் கடை போட ஆசை.

ஆனி பிறந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று ஊரே விசாரித்துக்கொண்டிருக்க, காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துப் பக்கத்து வயலில் போட்டது. பஞ்சாயத்தில் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். சாரல் கூண்டுகளுக்குள் குடியேறியது. வேறு வழி? சாமானை அவரவர் வீட்டில் வைத்திருந்து, லாரி வருகிற அன்று காலையில் கொண்டுவரச் சொன்னார் பொன்செல்வி.

லாரி வருவது வெள்ளிக்கிழமை. குற்றாலத்து லாட்ஜுகளில் பாட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில்தான் இங்கே நிற்கும்.

அந்த வெள்ளி ஒருத்தரும் வரவில்லை. எதிர்வீட்டு அனுசியாவிடம் போய்க் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளிய குடுப்பாகளா ஏட்டம்மா? லச்சுமி பின்னாலயே போயிருவாள்லா."

"பால் கவருட்டி அது. அதுல எங்கருந்து வந்தா லச்சுமி?"

"நீங்கதான சொன்னீக, இது குப்பையில்ல, மதிப்புள்ள சாமான்னு."

சொன்னது வாஸ்தவம். வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளச் சொன்னது அவரேதான். அனுசியாவின் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜெஸியைப் பிடித்தார்.

"நீ கோயிலுக்குப் பைபிளோட போற வேதக்காரிதான. உனக்கென்ன செவ்வாய், வெள்ளி?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. வீடு அவுகளுதுல்லா. லச்சுமி மாடிப்படி வழியா எறங்கிட்டான்னு என்னைய ஏசுவாக."

லாரி ஓட்டும் சாம் காலிக் கூண்டுகளைப் பார்த்தான். "அடுத்த வாரமும் இப்படின்னா, நிக்காதன்னுட்டாரு மொதலாளி."

அன்று சாயங்காலம் வாசலில் நின்றிருந்த பொன்செல்வியின் கண்ணெதிரே, அனுசியா காய்கறிக் கழிவு கட்டிய பையொன்றைத் தெருவோர ஓடையில் வீசிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை கொடுக்கத்தான் கூடாது, வீசலாம் போலிருக்கிறது. பொன்செல்விக்குப் பொறி தட்டியது.

மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினார். "யாரும் எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலைல, ஓடையில வீசுத மாதிரி கூண்டுல வீசிட்டுப் போங்க. குப்பைன்னே நெனச்சுக்கோங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்றாள் அனுசியா.

வெள்ளி விடிந்ததும் பைகள் பொத்துப் பொத்தென்று வந்து விழுந்தன. கூண்டு நிறைந்து வெளியே சரிந்தது. பொன்செல்விக்கு மனசு குளிர்ந்துபோனது. லாரி வந்து நின்றது. சாம் ஒரு பையை அவிழ்த்தான். பழைய சாம்பார். அடுத்த பையில் பிள்ளையின் டயப்பர், அதோடு ஒட்டிக்கொண்ட ஷாம்பு பாட்டில். இன்னொன்றில் மீன் கழுவின தண்ணீரில் ஊறிய அட்டை. குப்பை என்று நினைக்கச் சொன்னார்; குப்பையாகவே போட்டிருந்தார்கள்.

"இதை ஏத்திட்டுப் போனா, மொதலாளி என்னையும் சேத்து எடை போட்டு வித்துருவாரு ஏட்டம்மா."

"கொஞ்சம் பொறுலே. கழுவித் தாரேன்."

"இந்தச் சாரல்ல எங்கன காயப்போடுவீக?"

தகரம் போன கூரையை அண்ணாந்து பார்த்தார் பொன்செல்வி. இனி வண்டி இங்கே நிற்காது என்று தலையைச் சொறிந்தபடி சொல்லிவிட்டு சாம் போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் மெம்பரின் மைத்துனர் கொட்டகையை அளந்துகொண்டிருந்தார். அனுசியா ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே பால் கவர்கள். கழுவி, அடுப்படிக் கொடியில் காயவைத்து, பட்டுச்சேலை மடிக்கிற மாதிரி மடித்து அடுக்கியிருந்தாள்.

"இன்னைக்குத் தரலாம். டப்பா மூடி மட்டும் கொண்டாரல. அது இரும்பு, சனிக்கிழமை ஆகாதுல்லா."

"அப்ப நேத்து வீசினது?"

"அது குப்பை. இது சாமான்."

அதட்ட வாயைத் திறந்தார் பொன்செல்வி. அந்த மடிப்பைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டார். இவ்வளவு சுத்தமாக மடிக்கத் தெரிந்தவளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அவள் பின்னாலேயே ஜெஸியும், தெருவில் மற்றவர்களும் பையும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள், முகம் நிறையச் சிரிப்போடு.

எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அமுக்கிக் கட்டி, வியாபாரியிடம் தானே கொண்டுபோய்ப் போடச் சுரண்டை பஸ்ஸில் ஏறினார். இந்தச் சனிக்கிழமை சுமக்கலாம். அடுத்த சனிக்கிழமை? முட்டுவலிக்காரி ஒருத்தியின் தோள் தாங்குகிற வரைக்கும்தான் ஒரு தெரு சுத்தமாக இருக்கும் என்றால், அது எத்தனை நாளைக்கு? நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது.

இளவட்டக் கண்டக்டர் சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினான். "என்னம்மா இது, குப்பையா?"

"சாமான்," என்றார் பொன்செல்வி. "காலை எடுலே."