மந்திரிக்காத மண்டபம்

புயல் கரையைக் கடந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு லெயோனி தன் அறைக் கதவைத் திறந்தபோது வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலை ஒட்டியிருந்த ஒரு பங்குக் கோயிலின் பின்புறம் அவளுடைய அறை. கோயிலைப் பெருக்குவது, பீடத்துணி துவைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவள் வேலை. ஐம்பத்து மூன்று வயது. புருஷன் செத்துப்போய்ப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. பங்குச்சாமியார் காரைக்காலுக்குத் தியானம் கொடுக்கப் போனவர், பஸ் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போனும் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பூசை இல்லை என்று கதவில் ஒரு தாளாவது ஒட்டலாம் என்று நினைத்து லெயோனி முன்பக்கம் வந்தாள்.

கோயில் படிகளில் முப்பது பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் வாய்க்கால் கரையில் குடியிருப்பவர்கள், பங்கைச் சேராதவர்கள். நனைந்த துணியோடு, தலையில் மூட்டையோடு, ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவள் சந்திரகலா. கோயில் கேட்டில் பதினைந்து வருஷமாகப் பூவும் மெழுகுவர்த்தியும் விற்கிறவள். அவளுடைய மருமகள் பூர்ணிமா ஒரு பிளாஸ்டிக் பைக்குள் எதையோ நெஞ்சோடு அணைத்திருந்தாள். அது ஒன்பது நாள் குழந்தை.

"லெயோனிக்கா, வூட்ல கழுத்து மட்டும் தண்ணி. கொழந்தய மட்டுமாவது காஞ்ச எடத்துல போடணும்," என்றாள் சந்திரகலா.

கோயிலுக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர். கூரை ஒழுகிப் பெஞ்சுகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன. அரசாங்கம் ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாகத் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே போகிற பள்ளமான ரோட்டில் நெஞ்சளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. காய்ந்த இடம் என்று இருந்தது ஒன்றுதான். கோயிலை ஒட்டிப் புதிதாகக் கட்டிய கட்டடத்தின் முதல் மாடி. வேலை முடிந்து, சுவரில் தங்க எழுத்தில் 'சகோதர அன்பு மண்டபம்' என்று பேர் வைத்து, பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆயர் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் திறக்க வேண்டும்.

சாவி இரண்டு. ஒன்று சாமியாரிடம். இன்னொன்று பங்குப் பேரவைத் துணைத்தலைவர் அந்துவானிடம்.

அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்களை அழைப்பதுபோல எல்லாரும் அவரை மரியாதையாக 'முசே' என்பார்கள். இரண்டு தெரு தள்ளி மாடி வீடு. லெயோனி இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். மாடியில் காப்பி வாசனை வந்தது. முசே சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மந்திரிக்காத மண்டபத்த எப்பிடி லெயோனி தெறக்கறது? ஆயர் வந்து ரிப்பன் வெட்டணும். அதுக்கு முன்னாடி வாய்க்கா ஜனங்க ஏறிப் படுத்தா நல்லாவா இருக்கும்?"

"ஒம்போது நாள் கொழந்த முசே. ஒதடு நீலமாயிருக்குது."

"கோயில்ல பெஞ்சு இருக்குல்ல?"

"கோயிலுக்குள்ளயும் தண்ணி வந்துடுச்சு."

"அப்ப கவர்மென்ட்டு எதுக்கு இருக்குது? இதுங்கள ஒரு வாட்டி மேல ஏத்தினா அப்பறம் எறக்க முடியாது. நம்ம ஜனங்களா இருந்தாவது யோசிக்கலாம்."

ஞாயிறுதோறும் பூசையில் வாசகம் வாசிக்கிறவர் இதே மனுஷர். கணீரென்று வாசிப்பார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசிப்பார்.

"அயலான நேசின்னு போன மாசந்தான் நீங்க வாசிச்சீங்க. அதுல நம்ம ஜனங்கன்னு எங்க முசே இருந்துது?"

"எனக்கே ஞானோபதேசம் எடுக்கிறியா? சாமி வரட்டும். அவரு சொன்னா தெறக்கலாம். போ."

திரும்பி வரும்போது அவளுக்குத் தண்ணீரின் குளிர் தெரியவில்லை. ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போனதும் தெரியவில்லை. அந்த மண்டபத்துக்காக வீடுவீடாகக் காணிக்கைக் கவர் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். பூ விற்கிற சந்திரகலாகூட ஒரு கவர் கேட்டு வாங்கித் தன்னால் முடிந்ததைப் போட்டுக் கொடுத்திருந்தாள். "ஒங்க மாதா கோயில் வாசல்லதான நான் சோறு திங்கறேன்" என்று அன்றைக்குச் சொன்னாள். அது நினைவுக்கு வந்ததும் லெயோனி வாய்விட்டு, "சீ!" என்றாள். தெருவில் கேட்க ஆள் இல்லை.

கோயில் கொட்டகையில், கொடிமரத்துக்குக் குழி தோண்டுகிற கடப்பாரை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். வாய்க்கால் கரையில் ஆட்டோ ஓட்டுகிற அரிகிருஷ்ணன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"குடுக்கா, நான் ஒடைக்கறேன்."

"நீ தொடாத. ஒன் மேல கேஸ் போட்டுடுவாங்க. தள்ளி நில்லு."

ஐந்து அடி. உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஆறாவது அடியில் பூட்டு தெறித்துப் படியில் உருண்டது.

உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. நாற்காலிகளுக்குக்கூட உறை போட்டிருந்தார்கள். மேடையில் ரோஸ் நிறத் திரை தொங்கியது. லெயோனி நேராகப் போய் அதைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். பூர்ணிமாவின் கையிலிருந்த குழந்தையைத் துடைத்து, திரைத்துணியில் நான்கு மடிப்பாகச் சுற்றினாள். கொஞ்ச நேரம் அது சும்மா இருந்தது. பிறகு ஓவென்று கத்தியது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். சந்திரகலா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்று மத்தியானம் எதிர்த் தெருவிலிருந்து அமலோற்பவம் டீச்சர் ஒரு பெரிய குண்டானில் உப்புமா கொண்டுவந்தாள். தலையில் வைத்துத் தண்ணீரில் நடந்தே வந்தாள். "எனக்கு முந்தியே தோணியிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் இன்னும் இரண்டு வீட்டிலிருந்து போர்வையும் பாலும் வந்தன. மற்ற மாடிகளில் நின்று பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் முசே, பேரவைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செயலாளர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார். கொடியில் காய்ந்த துணிகள், தரையில் படுத்திருந்த கிழவர், மேடையில் பால் கொடுத்துக்கொண்டிருந்த பூர்ணிமா. ஒன்றையும் விடவில்லை. பூர்ணிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போன கீழ எறக்குங்க! பால் குடுக்கற பொண்ண படம் புடிப்பீங்களா? ஒங்க வீட்டுப் பொண்ணா இருந்தா புடிப்பீங்களா?" என்று லெயோனி கத்தினாள். செயலாளர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சந்திரகலா கைகூப்பினாள். "முசே, சண்ட வேணாம். நாங்க எறங்கிடறோம்."

"ஒருத்தரும் எறங்க வேணாம்," என்றாள் லெயோனி.

"கோயில் சொத்த ஒடச்சிருக்க. போலீசுல சொன்னா என்ன ஆவும் தெரியுமா?" என்றார் முசே.

"சொல்லுங்க. ஒடச்சது நான்தான். எதுக்கு ஒடச்சன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

முசே சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். செயலாளரைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. கிளம்பும் முன் பெண்கள் எல்லாரும் மண்டபத்தைக் கழுவி, நாற்காலிகளைத் துடைத்து அடுக்கினார்கள். திரையைச் சந்திரகலா துவைத்துக் காயவைத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை சாமியார் வந்துசேர்ந்தார். அன்றைக்கே பேரவை கூடியது. சாமியார் மெல்லிய மனுஷர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனாலேயே யாருக்காகவும் எழுந்து நிற்கத் தெரியாதவர்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடும்மா லெயோனி. இதோட முடிஞ்சிடும்," என்றார்.

"பூட்ட ஒடச்சதுக்கு வேணா எழுதித் தரேன் சாமி. அவங்கள உள்ள வச்சதுக்கு எழுத மாட்டேன்."

"ரெண்டுக்கும் எழுதணும்," என்றார் முசே.

"அப்ப ஒண்ணுக்கும் எழுத மாட்டேன்."

விழா முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாமியார் தள்ளிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை லெயோனி மண்டபத்தின் முன்பக்கம் வர வேண்டாம், பந்தியைக் கவனித்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க அவளால் ஒரு ஜெபமாலையை ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடியவில்லை. பாதியில் முசே முகம் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஞாயிறு ஆயர் வந்தார். ரிப்பன் வெட்டி, தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். லெயோனி பின்படிக்கட்டில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆயரைப் பார்த்துப் பேசுகிற முசேயின் கணீர்க் குரல் மைக்கில் கேட்டது.

"ஆண்டவர் அவர்களே! இந்த மண்டபம் மந்திரிக்கப்படும் முன்பே தன் பணியைத் தொடங்கிவிட்டது. புயல் வெள்ளத்தில் தவித்த ஏழைகளுக்கு, சாதி மதம் பாராமல், நம் பங்கு இந்தக் கதவுகளைத் திறந்துவிட்டது..."

கைதட்டல் எழுந்தது.

லெயோனியின் கையிலிருந்த தட்டு நழுவிப் படியில் விழுந்தது. கூசாமல் சொல்கிறார். நாலு நாள் முன்னால் மன்னிப்புக் கேள் என்றவர், இப்போது அதையே மாலையாகப் போட்டுக்கொள்கிறார். கடிதம் கேட்ட பேரவைக்காரர்களும் சேர்ந்து தட்டுகிறார்கள்.

அவள் கேட்டுக்கு ஓடினாள். சந்திரகலா பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூர்ணிமா, மடியில் குழந்தை.

"சந்திரகலா, மேல ஒங்களப் பத்திதான் பேசறாங்க. வரியா? வந்தா சில பேருக்குப் புடிக்காது. அப்பறம் ஒன் யாவாரத்துக்கு எடஞ்சலா வந்தாலும் வரும். யோசிச்சுக்க."

சந்திரகலா விஷயம் என்னவென்று கேட்டாள். லெயோனி சொன்னதைக் கேட்டதும் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "எங்களப் பத்தின பேச்ச நாங்களும் கேக்க வேணாமா? வா பூர்ணிமா."

மூன்று பேரும் மாடி ஏறி நடுவழியாக நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றார்கள். முசே பேச்சை நிறுத்தினார்.

"ஆண்டவரே, மன்னிக்கணும்," என்றாள் லெயோனி. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "யாரும் கதவத் தெறந்துவுடல. மாட்டன்னுட்டாங்க. நான் பூட்ட ஒடச்சுதான் இவங்கள உள்ள வச்சேன். அதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்காங்க. இப்ப அதுக்கே கையும் தட்டறாங்க. நான் இன்னும் எழுதல. எழுதினா யார்கிட்ட குடுக்கணும்? இந்தக் கொழந்தகிட்டயா?"

ஆயர் திரும்பிச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மெதுவாக எழுந்தார்.

"அவங்க சொல்றது உண்மை ஆண்டவரே. கடிதம் கேட்டதுல நானும் இருந்தேன். கேட்டிருக்கக் கூடாது."

ஆயர் மேடையை விட்டு இறங்கி வந்தார். குழந்தையின் பேர் என்ன என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றாள் பூர்ணிமா. அவர் சந்திரகலாவிடம், "எங்களை மன்னிச்சிடுங்கம்மா," என்றார். முன்வரிசையில் அமலோற்பவம் டீச்சர் முதலில் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். முசே மைக்கைப் பிடித்தபடி நின்றவர், மீதிப் பேச்சைப் பேசாமலே போய் உட்கார்ந்தார்.

அப்புறம் பந்தி. லெயோனி பிரியாணி அண்டா முன்னால் நின்று பரிமாறினாள். வரிசை கலையப்போகிற நேரத்தில் முசே தட்டோடு வந்தார். அவர் கண் அவளைப் பார்க்கவில்லை.

"எல்லார் முன்னாடியும் என்ன அவமானப்படுத்திட்ட லெயோனி."

"நான் உண்மையத்தான் சொன்னேன் முசே."

அவர் நகரவில்லை. எழுபது வயது மனுஷர் தட்டை நீட்டியபடியே நின்றார். லெயோனிக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை. வேறு யாராவது இவருக்குப் போடட்டும் என்று கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு அண்டாவின் அடியிலிருந்து நல்ல கறியாகப் பார்த்து இரண்டு துண்டு எடுத்து வைத்தாள். சோறும் மற்றவர்களுக்குப் போட்ட அளவே போட்டாள்.

"சாப்பிடுங்க. ஆறிடப்போவுது."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். காலியாக இருந்த ஒரே நாற்காலி அரிகிருஷ்ணன் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார். அரிகிருஷ்ணன் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.