ஒரு பக்கம் நீண்ட மேசை

வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே மார்லிஸ் சண்டைக்குத் தயாராகிவிட்டாள். அவள் பதிவு செய்திருந்த இடத்தில் வேறு யாருடைய டிரெய்லரோ பஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது.

அரிசோனாவின் அந்தப் பாலைவனப் பூங்காவில் கூடாரம் போடும் இடமெல்லாம் மணல்தான். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒதுக்கியது ஒன்றே ஒன்று. அங்கே தரை சிமென்ட். கழிப்பறை வரைக்கும் சிமென்ட் பாதை. நாற்காலியோடு நுழைந்து உட்காரும்படி பலகை ஒரு பக்கம் நீண்ட மேசை. லாரி மெக்கானிக்காக இருந்த மார்லிஸ், ஜாக்கி நழுவி முதுகெலும்பு நொறுங்கிய பிறகு, யார் தயவும் இல்லாமல் வெளியூரில் தங்க முடிந்த இடம் இது மட்டும்தான். வசந்தம் வந்தால் தங்கை டெல்லாவோடு கிளம்பிவிடுவாள்.

டெல்லா சரிவுப் பலகையை இறக்கினாள். "மெதுவா பேசு, மார்லிஸ்."

"மெதுவாத்தான் ஆரம்பிப்பேன்."

டிரெய்லர்க்காரன் பெயர் கர்ட். மடக்கு நாற்காலியில் பீரோடு சாய்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை.

"நேத்தே வந்துட்டோம், மேடம். காலியாக் கெடந்துச்சு."

"நேத்து காலி. இன்னைக்கு என்னுது. கம்பத்துல என் பேரு போட்டிருக்கு, படிக்கத் தெரியும்ல?"

"இந்த வண்டி வேற எங்கயும் நொழையாது. எதிர்ல பாருங்க, எவ்ளோ எடம்! நல்லா காத்து வரும்."

"அங்க மணலு."

"அதுக்கென்ன, கூட வந்தவங்க தள்ளமாட்டாங்களா?"

பூங்காவைக் கவனிக்கும் ரேஞ்சர் ஆர்வில்லை டெல்லா கூட்டி வந்தாள். ஓய்வு பெறப்போகிற மனிதர். யாரோடும் பகைத்துக்கொள்ளாமல் நாளைக் கடத்தியவர். டிரெய்லரைப் பார்த்தார், மார்லிஸைப் பார்த்தார், பிறகு தூரத்து மலையைப் பார்த்தார்.

"கர்ட், காலைல மாத்திக்கிறீங்களா? நல்லது. மார்லிஸ், ஒரு ராத்திரிதானே. பாத்ரூமுக்குப் பார்வையாளர் மையத்துக்கு வண்டியிலயே போயிட்டு வந்துருங்க."

"அதத்தான் சாயங்காலமே பூட்டிருவீங்களே."

ஆர்வில் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "பாப்போம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வேறு வழியின்றி டெல்லா நாற்காலியை எதிர்ப்பக்கம் தள்ளினாள். நாலடி போவதற்குள் முன்சக்கரங்கள் புதைந்தன. பின்னுக்கு இழுத்தாள், பெரிய சக்கரங்களும் புதைந்தன. மூச்சு வாங்க அவள் மல்லுக்கட்ட, "எடப்பக்கம் இழு! இல்ல இல்ல, வலப்பக்கம்!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கர்ட் கத்திச் சிரித்தான். மார்லிஸுக்குக் காது மடல்கள் கொதித்தன.

நாற்காலி ஒருவழியாக வெளியே வந்ததும் சொன்னாள்: "டெல்லா, வண்டில இருக்குற பீன்ஸ் பாத்திரத்தையும் கரண்டியையும் எடு. என்னைய மேசைக்குத் தள்ளு."

"எந்த மேசைக்கு?"

"என் மேசைக்கு."

மேசையில் கர்ட்டின் மனைவி நோரீன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் நீண்ட பக்கத்தில் நாற்காலியை நுழைத்தாள், பாத்திரத்தை மடியில் வைத்தாள், ஆறிப்போன பீன்ஸைக் கர்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். நோரீன் வெங்காயப் பலகையை நகர்த்திக்கொண்டாள்.

கர்ட் எழுந்து வந்தான். "இது எங்க மேசை."

"இந்தப் பக்கத்த எனக்காகத்தான் நீட்டி வெச்சிருக்காங்க. நீ பெஞ்சுல உக்காரு. ஒனக்குத்தான் காலு இருக்கே."

"ஒங்களுக்குன்னா எல்லாமே தனியா வேணும். வாய் மட்டும் ஊருக்கு மேல நீளம்!"

"வாய்க்குச் சக்கரம் இல்ல பாரு. அதான் மணல்ல மாட்டாம ஓடுது."

நோரீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுதான் வினை. கர்ட் நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றி வெடுக்கென்று பின்னால் இழுத்தான், திருப்பினான், மணல் பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளினான். முன்சக்கரங்கள் புதைந்து நின்றன. மார்லிஸ் நிற்கவில்லை. முகம் குப்புற மணலில் போய் விழுந்தாள். பீன்ஸ் அவள் முடியெல்லாம் சிதறியது.

டெல்லா அலறினாள். கர்ட்டும் ஒரு கணம் வெலவெலத்துப்போய் நின்றான். பிறகு, "நானா விழச் சொன்னேன்?" என்று அவளைத் தாண்டப் போனான். மார்லிஸ் கையை நீட்டி அவன் கணுக்காலைப் பிடித்தாள். துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டியே உரம் ஏறிய கை. அவன் உதறினான், இழுத்தான். பிடி தளரவில்லை.

"விடு! பைத்தியமா நீ?"

"டெல்லா, என்னத் தூக்காத. போ, ரேஞ்சரக் கூப்பிடு."

வாயில் மணல் நறநறத்தது. கன்னம் எரிந்தது. இவ்வளவு அருகில் ஓர் ஆளின் பயத்தை அவள் உணர்ந்ததில்லை. அந்தக் கணுக்கால் நரம்பு அவள் உள்ளங்கைக்குள் படபடவென்று அடித்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஆர்வில் வந்தபோது பக்கத்துக் கூடாரக்காரர்களும் கூடியிருந்தார்கள். இந்தத் தடவை மலையைப் பார்க்க வழியில்லை.

"இவதான் சார் என்னப் புடிச்சு வெச்சிருக்கா!" என்றான் கர்ட்.

"அவங்க எப்பிடிக் கீழ வந்தாங்க?"

நோரீன் கத்தியை மேசைமேல் வைத்தாள். "இவர்தான் தள்ளுனாரு."

கர்ட் திரும்பி முறைத்தான். நோரீன் தலையைக் குனியவில்லை.

"வண்டிய மாட்டு, கர்ட். பூங்காவ விட்டே கெளம்பணும். வாசல்ல போலீஸ் வந்து பேசும்," என்றார் ஆர்வில். அப்போதுதான் மார்லிஸ் பிடியை விட்டாள். டெல்லா அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அரை மணியில் கர்ட் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினான். போகிற போக்கில் அதன் அழுக்குத் தண்ணீர்க் குழாயின் மூடியைத் திறந்துவிட்டான். எச்சில் பாத்திரம் கழுவிய கொழுப்புத் தண்ணீர் சிமென்ட் தரை முழுக்கப் பரவி நாறியது.

நோரீன் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "மன்னிச்சிருங்க. நான் கழுவி விட்டுர்றேன்."

"வேணாம். நான் மணல்ல மாட்டிக் கெடந்தப்ப நீங்க வெங்காயம் நறுக்கிட்டிருந்தீங்க. போய் வண்டில ஏறுங்க."

நோரீனின் முகம் சுருங்கியது. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். மார்லிஸுக்கு இரக்கம் வரவில்லை; வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

"மார்லிஸ், நான் வேணா ஆள அனுப்பி..." என்று ஆரம்பித்தார் ஆர்வில்.

"ஆளு எதுக்கு? துடைப்பம் ஒங்க காலுகிட்டத்தான் கெடக்கு."

அவர் சுற்றிலும் பார்த்தார். கூடியிருந்தவர்கள் யாரும் கலையவில்லை. குனிந்து துடைப்பத்தை எடுத்தார். டெல்லா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, சீருடைக் காற்சட்டை நனைய நனையத் தேய்த்தார்.

மார்லிஸ் முடியிலிருந்து பீன்ஸை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாள்.

"மூலைல இன்னும் பிசுக்கு இருக்கு, ஆர்வில்," என்றாள்.