எல்லாருக்கும் கேட்கிற மாத்திரை

"நாக்கத் தூக்குங்கப்பா. இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

மகன் இடது கையால் அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்குள் விட்டுத் துழாவினான். மாத்திரை இல்லை. நாக்குக்குக் கீழேயும் இல்லை. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"முழுங்கிட்டேன்டா," என்றார் அப்பா. "சத்தியமா முழுங்கிட்டேன்."

"அப்ப வலி நிக்கணும். நிக்கலன்னா நடிப்புன்னு அர்த்தம்."

அப்பா ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கமாட்டார் என்பதால் பணிமனையில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறியபின் அந்தப் பெயர் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்தது. அவர் கத்தத் தொடங்கினால் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஹாரன் அடிச்சாச்சு, வண்டி கெளம்பப்போகுது!" என்பார். படிக்கட்டில் யாராவது சிரிப்பார்கள். ஒருமுறை மகனும் சிரித்தான்.

மகனைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெரிய மருத்துவமனையில் வலிக்குக் கோடீன் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை என்றதும் அளவைக் கூட்டினார்கள். அதுவும் கேட்கவில்லை என்றபோது மருத்துவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த அளவுக்கு எல்லாருக்கும் கேக்கும். ஒண்ணு, மாத்திரையைத் துப்பிடுறாரு. இல்லன்னா கவனிப்புக்கு ஏங்குறாரு. வயசானவங்க கொழந்தைங்க மாதிரி."

மகன் வேலை பார்ப்பது போல்ட் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். கையில் ஓர் இரும்பு வளையம். போல்ட் அதற்குள் நுழைந்தால் சரக்கு. நுழையாவிட்டால் கழிவுத் தொட்டி. ஆயிரம் போல்ட்டுக்கும் அதே வளையம்தான். வளையத்தின்மேல் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கடவுள் ஒவ்வோர் உடலையும் தனித்தனியே பிசைந்து செய்கிறார் என்பதை அந்தப் பிரிவில் யாரும் சொல்லித் தருவதில்லை.

அவன் மனைவி வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி மாமனாரின் இடுப்புக்குக் கீழே செருகினாள். அவர் முனகினார். கழுத்தெல்லாம் வேர்வை.

"நடிக்கிற ஆளுக்கு இப்படி வேர்க்குமாங்க?"

"மாமனாருக்கு வக்கீல் வந்தாச்சு. எனக்குக் கால் ஒடிஞ்சப்ப இதே மாத்திரைதானே குடுத்தாங்க? எனக்கும் ஒரு மண்ணும் கேக்கல. நான் ஊரைக் கூட்டினேனா? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்ல?"

படுக்கையிலிருந்து அப்பா தலையைத் தூக்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம். "உனக்கும் கேக்கலயாடா?"

"பேச்சை மாத்தாதீங்க. ஆம்பளைன்னா தாங்கணும்."

தலை தலையணைக்குத் திரும்பியது. அதன்பின் அவர் துண்டின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு கத்தினார். சத்தம் குறைந்ததில் மகனுக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

மணி அடித்தது. வாசலில் கைப்பையோடு ஒரு பெண் மருத்துவர். தீராத நோயுள்ளவர்களின் வலியைப் பார்ப்பதற்கென்றே வீடு வீடாகப் போகிறவராம். மனைவிதான் அவனிடம் சொல்லாமல் வரவழைத்திருந்தாள்.

"உன்னை யாரு கேட்டது?" என்று பல்லிடுக்கில் சொன்னான்.

"யாரும் கேக்கல," என்றாள் அவள். "அதான் கூப்பிட்டேன்."

மருத்துவர் நாற்காலியைத் தவிர்த்துப் படுக்கையின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். "எங்க வலிக்குதுங்கய்யா?"

அப்பா முதலில் மகனைப் பார்த்தார், சொல்லலாமா என்று உத்தரவு கேட்பவர்போல. அந்தப் பார்வையை மருத்துவரும் கவனித்தார்.

"பயப்படாம சொல்லுங்க. மாத்திரை போட்டா கண்ணு சொக்குதா?"

"ஒண்ணும் இல்லம்மா. தண்ணி குடிச்ச மாதிரிதான். ஆனா முழுங்கிடுறேம்மா. இவனையே கேளுங்க. வாயைத் தொறந்து பாத்துக்கிட்டுத்தான் விடுவான்."

மருத்துவர் மகனைக் கூடத்துக்கு அழைத்து வந்தார்.

"இந்த மாத்திரை அப்படியே வலியைப் போக்காது. உள்ள போனதும் கல்லீரல்ல இருக்கிற ஒரு நொதி இதை மார்ஃபினா மாத்தணும். மாத்தினாத்தான் மருந்து. சில பேருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது. அவங்களுக்கு நீங்க எத்தனை குடுத்தாலும் சுண்ணாம்புக்கட்டி குடுத்த மாதிரிதான். பரிசோதனை பண்ணாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது. இப்ப நேரா மார்ஃபினே போடுறேன். கல்லீரல் தயவு வேண்டாம்."

"அப்ப... இவ்வளவு நாளா?"

"இவ்வளவு நாளா அவரு மருந்தே இல்லாம இருந்திருக்காரு." மருத்துவர் ஊசியை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "ரத்தத்துல வர்ற விஷயம் இது. வீட்டுல வேற யாருக்காவது இந்த மாத்திரை கேக்காமப் போயிருக்கா?"

மனைவி வெந்நீர்ப் பையோடு கதவருகில் நின்றாள். அவனைப் பார்த்தாள். அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு. கால் ஒடிஞ்சப்ப."

"அப்படியா? அப்ப அவரு பட்ட பாடு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்," என்றார் மருத்துவர் இரக்கத்தோடு. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் அப்பாவின் புருவங்கள் விலகின. மடங்கியே கிடந்த கால்விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வாயருகே பிடித்திருந்த துண்டைத் தானே எடுத்து மடித்து வைத்தார். மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த உடம்பு இவ்வளவு நீளம் என்பதே மகனுக்கு மறந்துபோயிருந்தது.

"தம்பி," என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"என்னப்பா?"

"இந்த மருந்து முன்னாடியே இருந்துச்சா?"

குரலில் குத்தல் இல்லை. புறவழிச்சாலை இருப்பது தெரியாமல் சந்தைக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த ஓட்டுநர், வழியில் நிற்பவரிடம் விசாரிப்பதுபோல்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

எழுந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். நீங்க நடிக்கலப்பா, நான்தான் முட்டாள். இவ்வளவுதான், ஒரு வரி. சொல்லிப் பார்த்துக்கொண்டான். உலுக்கி எழுப்பலாமா என்றுகூடக் கை போனது. மனைவி தடுத்தாள். "உங்க மனசாறட்டும்னு அவரு தூக்கத்தைக் கெடுக்காதீங்க."

அன்று முழுக்க அவர் தூங்கினார். மறுநாள் அதே தூக்கத்தில் மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, ஒரு நீண்ட இடைவெளியோடு நின்றது. அவன் வைத்திருந்த வரி வாயிலேயே இருந்தது.

உறவும் அக்கம்பக்கமும் நிறைந்தன. "பூ உதிர்ற மாதிரி போயிட்டாரு," என்றாள் சித்தி. "முகத்தைப் பாருங்க, ஒரு சுளிப்பு இருக்கா? கடைசிவரைக்கும் வலி தெரியாமப் பாத்துக்கிட்டான். பெத்தா இப்படி ஒரு மகனைப் பெக்கணும்."

மாடி வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேத்துல இருந்து சத்தமே இல்லையேன்னு நெனச்சேன் தம்பி. கொடுத்து வெச்ச மனுஷன்."

"ஆமாங்க," என்றான் மகன். வேறென்ன சொல்வது? ஒவ்வொருவருக்கும் ஆமாங்க என்றான். சொல்லச் சொல்ல அது எளிதாகிக்கொண்டே வந்ததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

எரியூட்டிவிட்டு வந்து குளித்தான். உறவினர்கள் கலைந்திருந்தார்கள். கூடத்தில் மனைவி ஒரு தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

"சாப்பிடுங்க. நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அவரு என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராடி?"

அவள் கரண்டியோடு கொஞ்சம் யோசித்தாள். "கால் ஒடிஞ்சப்ப பாவம் எப்படித் துடிச்சிருப்பான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயேன்னு, நேத்து நீங்க டாக்டரோட கூடத்துல நின்னப்ப சொன்னாரு."

அவன் தட்டையே பார்த்திருந்தான். குழம்பு ஊற்ற அவள் கை நீண்டபோது வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன. மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் பதிந்த கன்றல். சில இடங்களில் நீலம், சில இடங்களில் பழுத்த மஞ்சள், பழைய தடத்தின்மேல் புதிய தடம். வலி வரும்போதெல்லாம் அவர் பிடித்துக்கொண்ட இடம் அது.

அவன் பார்ப்பதைக் கண்டு அவள் வளையல்களை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஆறிடப்போகுது," என்றாள்.

அவன் சோற்றில் கை வைத்தான். ஈரம் காயாத அவன் மணிக்கட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல், சுத்தமாக இருந்தது.