பின்பக்கத்து வலது ஸ்பீக்கர்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும். மேலகரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் வீட்டில் எத்தனை பாய், எத்தனை தலையணை இருக்கிறது என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும், மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத சொந்தமும் போன் போட்டு சௌக்கியம் விசாரிக்கும். உமா மகேஸ்வரி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு சீசன் ஆகிவிட்டது. அதில் அவள் அருவியில் குளித்தது நாலு தடவையோ ஐந்து தடவையோ. விருந்தாளிகளின் ஈரத்துணியை உலர்த்தியதற்குக் கணக்கே கிடையாது.

இந்த வருஷம் சீசன் போதாதென்று ஹோம் தியேட்டரும் வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் இலஞ்சிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்தும்போதே வாசலில் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. உள்ளே அவள் கணவன் குமரகுரு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்ச் டேப்பும் கையுமாக நின்றிருந்தான். தென்காசியிலிருந்து வந்திருந்த ஜெபஸ்டின் தரையில் உட்கார்ந்து ஒயரின் நுனியைச் சீவிக்கொண்டிருந்தான். இந்த வட்டாரத்தில் பெரிய வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் போட்டுக் கொடுப்பவன் அவன்தான். அவசரப்படாத ஆள்.

உமாவின் கையில் ஒன்பதாம் வகுப்பு கணக்குத் தாள்கள், முப்பத்தெட்டு. முதல் இடைப்பருவத் தேர்வு. திங்கட்கிழமை திருத்திக் கொடுத்தாக வேண்டும். அவற்றை வழக்கம்போல் தன் மேசையில் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசை நடு ஹாலுக்கு இழுத்து விடப்பட்டிருந்தது.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தேக்கும் இல்லை, சீதனமும் இல்லை. சாதாரண பிளைவுட் மேசை, ஒரு கால் லேசாக ஆடும். ஹாலில் சோபாவுக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி, ஜன்னலை ஒட்டிக் கிடக்கும். தினமும் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை அவள் அங்கே உட்கார்ந்து பேப்பர் திருத்துவாள். அந்த இரண்டு மணி நேரம் யாரும் அவளிடம் காப்பி கேட்கமாட்டார்கள். மகள் ஸ்வாதி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போவதற்கு முன்பே அந்த வீட்டில் எழுதாத சட்டம் அது. மூன்று படுக்கையறை உள்ள வீட்டில் உமாவுக்கென்று இருந்தது அந்த நாலடிக்கு இரண்டடிதான்.

“டேபிள ஏன் இழுத்துப் போட்டிருக்கீங்க?”

“ரைட் சரவுண்டு ஸ்பீக்கர் அங்கனதான் வரணும் உமா. நாம உக்காருத எடத்துலருந்து பக்கவாட்டுல, காதுக்குக் கொஞ்சம் பின்னால. ஆங்கிள் நூத்திப் பத்து டிகிரி. நீ கணக்கு டீச்சர், ஒனக்குச் சொல்லணுமா?”

முன்னால் இரண்டு ஸ்பீக்கரும் உட்காருகிற ஆளும் சேர்ந்து சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டுமாம். பேச்சுக்கான ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே. பின்னால் இரண்டு. சோபா சுவரை ஒட்டி இருந்தால் தாளச் சத்தம் கும்மென்று அடைத்துக்கொள்ளும், அதனால் இரண்டரை அடி முன்னால் வர வேண்டும். இரண்டு மாதமாக இரவும் பகலும் வீடியோ பார்த்து மனப்பாடம் பண்ணியதையெல்லாம் குமரகுரு ஒப்பித்தான். ஸ்வாதியின் பள்ளிக்கூட நாட்களில் அவளுக்கு ஒரு முக்கோணம் சொல்லிக்கொடு என்றால் ஓடி ஒளிந்த மனிதன்.

ஜெபஸ்டின் தலையைத் தூக்கினான். “அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன். சுவத்துல ஒரு பிராக்கெட் அடிச்சு ஸ்பீக்கர மேல மாட்டிருவோம். டீச்சர் டேபிள் அங்கனயே கெடக்கட்டும். சத்தத்துல பெரிய வித்தியாசம் ஒண்ணும் வராது.”

“புதுப் பெயிண்ட் அடிச்சு ஆறு மாசம் ஆகல, அதுல ஓட்டை போடச் சொல்லுதியா? காது உயரத்துக்கு இருந்தாத்தான் சரியா இருக்கும்னு அத்தனை பேரும் சொல்லுதான்.” குமரகுரு உமா பக்கம் திரும்பினான். “டேபிள பின்னால கிரில்லு பக்கம் போட்டுக்கலாம்லா? காத்தோட்டமா இருக்கும். சனிக்கிழமை அக்காவும் அத்தானும் வருதாங்க. அதுக்குள்ள முடிக்கணும்.”

பின்பக்கம் என்றால் சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்டு கிரில் வைத்த இடம். வாஷிங் மெஷினும் தேங்காய் நாரும் குடியிருக்கும் இடம்.

“அங்க சாரல் அடிக்குங்க” என்றாள்.

“ஒரு ஓரமாப் போட்டா அடிக்காது.”

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? காலையிலிருந்து ஐந்து பீரியடு நின்று முடித்திருந்தாள். ஒரு மேசைக்காகச் சண்டை போடுகிறாள் என்று சொல்வார்கள் என்று நினைத்து, அந்த மேசையின் ஒரு முனையைத் தானே பிடித்துக் கொடுத்தாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஜன்னலையும் சாத்தச் சொன்னான் குமரகுரு. “தெறந்து கெடந்தா ஸ்பீக்கர் நனைஞ்சிரும்.”

ஒயரெல்லாம் மாட்டி முடிந்ததும் ஜெபஸ்டின் சோபாவின் நடு இருக்கையில் ஒரு சின்ன மைக்கை, உட்கார்ந்திருக்கிற ஆளின் காது உயரத்துக்கு நிறுத்தினான். ஒவ்வொரு ஸ்பீக்கராக இரையும், மைக் அதைக் கேட்டு எது எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று மெஷினே முடிவு பண்ணும். அதுவரை வீட்டில் ஒரு சத்தம் இருக்கக் கூடாது. ஃபேனை நிறுத்தினார்கள். குமரகுரு வாயில் விரல் வைத்து, சமையலறை வாசலில் போலீஸ்காரன் மாதிரி நின்றான். மூன்றாவது ஸ்பீக்கர் இரையும்போது குக்கர் விசில் அடித்தது. அவன் குக்கரை முறைத்தான், பிறகு உமாவை முறைத்தான். முதலிலிருந்து மறுபடி. அடுப்பை அணைத்துவிட்டு உமா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்த ஐந்து நிமிஷமும் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை விசில் அடித்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து குமரகுருவின் அக்கா மங்களேஸ்வரி மதினியும் அவர் கணவர் பால்வண்ணநாதனும் ஒரு வேன் ஆட்களோடு வந்து இறங்கினார்கள். பதினோரு பேர். இட்லி, அருவி, சாப்பாடு, மறுபடி அருவி, வடை. உமாவுக்கு மூச்சு விட நேரமில்லை. சாயங்காலம் படம் போட்டார்கள். இரண்டு மாதமாகக் குமரகுரு கனவு கண்ட அந்த நடு இருக்கையில், முக்கோணத்தின் உச்சியில், அத்தான் உட்கார்ந்தார். அக்காள் புருஷன் இருக்கும்போது நல்ல இடத்தில் மைத்துனன் உட்கார முடியுமா? அது நடக்கிற காரியமா? குமரகுரு சமையலறை வாசலில் நின்றுகொண்டே படம் பார்த்தான். அத்தான் அருவியில் குளித்த அலுப்பில் பத்தாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எந்த ஸ்பீக்கர் கணக்கிலும் வராத சத்தம் அது.

உமா சிரித்திருப்பாள், சிரிக்கத் தெம்பு இருந்திருந்தால்.

வீட்டில் மூலைக்கு மூலை ஆள் இருந்ததால் அவள் பின்பக்கம்தான் பேப்பர் திருத்தினாள். வாஷிங் மெஷின் பக்கத்தில், ஒரு சின்ன பல்பு வெளிச்சத்தில், இடையிடையே எழுந்து போய்த் தோசை ஊற்றிவிட்டு வந்து, இருபத்தாறு தாள் முடித்தாள். சாரல் ஊர் அவளுக்குத் தெரியாதா? எல்லாத் தாளையும் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைச் சுருட்டி, மேலே அரிசி அளக்கிற அரைப்படியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக ஒரு குளியல் போட்டுவிட்டு வந்து, மதியம் சொதிச் சாப்பாடு சாப்பிட்டு, மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. “ஒன் கைக்குத் தங்க வளையல் போடணும் உமா” என்றார் மதினி. வேன் தெருமுனை திரும்பும் வரை கை காட்டிவிட்டு, உமா பின்பக்கம் வந்தாள்.

மேசையில் தாள்கள் இருந்தன. பை இல்லை.

ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. காலையில் அருவிக்குப் போகும்போது ஈரத்துணி கொண்டுவர ஏதாவது பை இருக்கிறதா என்று மதினி குரல் கொடுத்ததும், மாவு கரைத்துக்கொண்டிருந்த தான், “பின்னால கெடக்கும், பாருங்க மதினி” என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. மதினி பார்த்திருக்கிறார். கிடைத்ததிலேயே பெரிய பையாக எடுத்து, தாள்களைப் பத்திரமாக வெளியே வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அரைப்படியையும் மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குறை சொல்ல முடியுமா? காலை எட்டு மணியிலிருந்து மேல்காற்று கிரில் வழியாகச் சாரலை அள்ளி அள்ளித் தெளித்திருக்கிறது.

மேலே இருந்த தாள்கள் அப்பளமாவு போல ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிவப்பு மை பரவி, நீல மை கரைந்து, முக்கோணங்கள் எல்லாம் மேகமாகிவிட்டன. தலைமையாசிரியை என்ன சொல்வார் என்பதுகூட அவளுக்கு உடனே தோன்றவில்லை. பயந்து பயந்து எழுதிய பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தோன்றியது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, துணி விரித்து, அயர்ன் பாக்ஸை மெதுவான சூட்டில் வைத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். குமரகுருவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுச் சொல்லி, அவன் “அடடா” என்று சொல்லி, அதையும் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது.

ஆறு மணி இருக்கும், அவனே கூப்பிட்டான்.

“உமா, ஒரு நிமிசம் வாயேன்.”

“வேலையா இருக்கேன்.”

“ஒரே நிமிசம். நானே இப்பத்தான் உக்காந்தேன். நீ இன்னும் கேக்கவே இல்லையே.”

அந்தக் குரலில் இருந்த ஆசைக்காகப் போனாள். பாவம், அவனுக்கும் இரண்டு நாளாக நிற்கத்தானே கிடைத்தது. அவன் எழுந்து நடு இருக்கையை அவளுக்குக் கொடுத்தான். ஃபேனை நிறுத்தினான். “கண்ண மூடிக்கோ” என்றான்.

ஏதோ படம். யாரும் பேசவில்லை. தூரத்தில் இடி உருண்டது, தவளை கத்தியது. பிறகு மழை தொடங்கியது. பொய் சொல்லக் கூடாது, அற்புதமாக இருந்தது. முன்னால் இலைகளில் சொட்டிய மழை நகர்ந்து நகர்ந்து வந்து, அவள் வலது தோளுக்குப் பின்னால், ஜன்னல் பக்கம் சடசடவென்று இறங்கியது.

உமா துள்ளி எழுந்தாள். “ஐயோ பேப்பர்!” என்று திரும்பி இரண்டு எட்டு ஓடினாள்.

அங்கே மேசை இல்லை. சாத்திய ஜன்னலும், ஸ்டாண்டில் ஒரு கறுப்பு ஸ்பீக்கரும் நின்றன.

குமரகுரு கைதட்டிச் சிரித்தான். “பாத்தியா! ஒன்னையே ஏமாத்திருச்சுல்லா! அதுக்குத்தான் அங்கன வைக்கணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன்!”

உமா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது சொட்டு நனையாமல் மழை பெய்துகொண்டிருந்தது.

“இங்க பெய்யலங்க” என்றாள். “பின்னால பெஞ்சுச்சு. முப்பத்தெட்டுப் பிள்ளைய பேப்பர்லயும் பெஞ்சுச்சு. வந்து பாருங்க.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் போனான். திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது அவன் கையில் தேய்த்துக் காய்ந்த ஒரு தாள் இருந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

“எப்ப ஆச்சு? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“வியாழக்கிழமையே சொன்னேனே, சாரல் அடிக்கும்னு.”

உமா ஸ்டாண்டின் பின்னால் கையை விட்டு ஒயரை உருவினாள். வலப்பக்க மழை சட்டென்று நின்றது. மற்ற நாலு ஸ்பீக்கரிலும் பெய்துகொண்டே இருந்தது.

“சத்தம் ஒரு பக்கமா சாயுமே உமா” என்றான், பழக்கதோஷத்தில்.

“சாயட்டும்.”

ஸ்டாண்டை அவன்தான் தூக்கி ஓரமாக வைத்தான். பிறகு இருவரும் பின்பக்கம் போய் மேசையை ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் ஜன்னலைத் திறந்தாள். அவன் தாள்களைக் கொண்டுவந்து அடுக்கினான். மேலே இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பேரே அழிஞ்சு போச்சே. எந்தப் பிள்ளைன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?”

“எழுத்தப் பாத்தாத் தெரியும்” என்றாள் உமா. “முப்பத்தெட்டுப் பேர் எழுத்தும் எனக்குத் தெரியும். இங்கன உக்காந்து அதத்தான பாத்துட்டு இருந்தேன். நான் இங்கன என்ன செய்யுதேன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலயே.”

குமரகுரு ரிமோட்டைத் தேடி எடுத்து மழையை நிறுத்தினான். பிறகு சமையலறைக்குள் போய், காப்பிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளிடம் கேட்காமல், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தான்.