கார்டுக்கு மூன்று ஃபேன்

அவள் கதை படிப்பது துணி அலமாரிக்குள் உட்கார்ந்து. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அலமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு முக்காலி, முகத்துக்கு நேரே மைக், இரண்டு பக்கமும் கணவரின் சட்டைகள், பின்னால் மடித்து அடுக்கிய போர்வைகள். துணி இருந்தால் குரல் எதிரொலிக்காது. கதவை இழுத்துச் சாத்திக்கொள்ள வேண்டும், அறையின் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட வேண்டும். ஒரு அத்தியாயம் முடித்து வெளியே வரும்போது, குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவள் மாதிரி நிற்பாள்.

வேலை ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுப்பது. வானொலியில் செய்தி படித்துக்கொண்டிருந்தவள், அந்த நிலையத்தை மூடியபிறகு வீட்டில் சும்மா இருந்து சலித்துப்போய், பல இடங்களுக்குக் குரல் மாதிரி அனுப்பி, கடைசியில் கிடைத்த வாய்ப்பு. பெரிய நாவல். முதல் அத்தியாயம் தேறினால் முழுப் புத்தகமும் அவளுக்கு. அந்த முதல் அத்தியாயம்தான் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ஒலிப்புத்தகக் கம்பெனியில் இருக்கிற சவுண்ட் இன்ஜினியர் நல்ல மனிதர், தன்மையாகத்தான் சொன்னார். குரலில் ஒரு குறையும் இல்லை, பின்னால் ஏதோ இரைந்துகொண்டே இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமாக ஒன்று அனுப்பினால் சரி, அதிலும் இரைச்சல் இருந்தால் வேறு குரலுக்குக் கொடுத்துவிடுவார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

அந்த "ஏதோ" என்ன என்று அவளுக்குத் தெரியும். அலமாரிக்கு வெளியே, அதே அறையில், மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. கணவரின் கம்ப்யூட்டர்.

அவர் இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் போடுகிறவர். சுவரில் வெயில் எப்படி விழும், கண்ணாடியில் என்ன தெரியும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு வரைவது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்டு. கணக்குப் போடப் போட அது கொதிக்கும், கொதிக்கக் கொதிக்க அதன்மேல் இருக்கிற குட்டி ஃபேன் வெறிபிடித்த மாதிரி சுற்றும். ஹாலுக்குப் போய்ப் படிக்கலாம் என்றால் ஜன்னலுக்குக் கீழேயே பஸ் ஸ்டாப். ராத்திரி பகலாக ஓடுகிற படத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்றால், விட்ட இடத்திலிருந்து வராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பார். அது உண்மைதான் என்பதால் அவள் மென்று முழுங்கிக்கொள்வாள்.

இரண்டாவது தடவையும் அத்தியாயம் திரும்பி வந்தபோது அவரே பெரிய மனது பண்ணிச் சொன்னார். கார்டைக் குளிரவைக்க அதோடு வந்த கூலரை ஃபேனும் தகடுமாகக் கழற்றி எறிந்துவிட்டு, வெளியே தனியாக விற்கிற நல்ல கூலராக வாங்கி மாட்டிவிடலாம், சத்தமே இருக்காது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்றைக்கு அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் அடுத்த நாளே ஜில்லு வந்துவிட்டான். ஜில்லு கணவரின் சிநேகிதன். ஊரில் உள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் குளிரவைப்பதற்கென்றே பிறவி எடுத்தவன். அவனும் கணவரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். அதில் இருக்கிறவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. என் கார்டு அறுபது டிகிரி, உன் கார்டு எத்தனை என்று கேட்டுக்கொள்வதுதான் பிழைப்பு. பிள்ளைகள் வாங்கின மார்க்கைக்கூட இத்தனை பெருமையாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்து கூலர் தேர்ந்தெடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். செம்புக்குழாய் எத்தனை, தகடு எத்தனை பருமன், கார்டில் உள்ள திருகு ஓட்டைகளுக்குப் பொருந்துமா, பக்கத்தில் இருக்கிற மெமரி சில்லுகளுக்குத் தனியாக ஒட்டுகிற வில்லைகள் கூட வருமா, தண்ணீர் ஓடுகிற வகை வாங்கலாமா, ஒழுகினால் என்ன ஆகும். அவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எதில் சத்தம் கம்மி?

ஜில்லு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் கம்ப்யூட்டர் கேஸை மூடிட்டா தெரியாது அண்ணி," என்றான்.

காதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அந்தக் காதுக்காகத்தான் இந்தக் கூலரே. அதைப்பற்றி அவளே கேட்டால் தெரியாதாம். அவளுக்கு வந்த கோபத்தில் அந்தக் காபியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கடைக்கு நானும் வருவேன் என்று மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள்.

கடையில் இரண்டு கூலர்களை மேஜைமேல் ஓடவிட்டுக் காட்டினார்கள். ஒன்று செங்கல் மாதிரி தடியாக, இரண்டு பெரிய ஃபேன்களோடு சோம்பலாகச் சுற்றியது. இன்னொன்று ஒல்லியாக, பளபளவென்று, மூன்று சின்ன ஃபேன்களோடு பறந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் கணவரிடமே சொன்னார். கேட்டது அவள் என்றாலும் பதில் என்னவோ அவருக்குத்தான் போயிற்று. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வந்த வேலையைப் பார்த்தாள். கடைக்கதவைச் சாத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதை வைத்தாள். தடியனில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், கதவைச் சாத்தினால் அலமாரிக்குள் வராது. ஒல்லியில் கொசு பாடுகிற மாதிரி மெல்லிய கீச்சுக்குரல், எத்தனை போர்வை போட்டாலும் உள்ளே நுழைந்துவிடும். தடியன்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். கணவர் தலையாட்டினார். ஜில்லுவும் தலையாட்டினான். அவளுக்கு வீட்டில் வேலை இருந்ததால் முன்னால் கிளம்பிவிட்டாள். போயிருக்கவே கூடாது.

அவர்கள் வாங்கி வந்தது ஒல்லியை.

"நீ சொன்னதையும் யோசிச்சுப் பார்த்தோம்மா," என்றார் கணவர். "இதுல ஒன்பது டிகிரி கம்மியா வருமாம்."

யோசித்துப் பார்த்தோமாம். இதற்கு ஒரு கமிட்டி போட்டு, கூட்டம் நடத்தி, அவள் காதைத் தோற்கடித்து அனுப்பியிருக்கிறார்கள். யாருக்காக வாங்கப் போனோம் என்பதே கடைவாசலில் மறந்துபோய்விட்டது. அவள் வாய் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்ததால் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர்கள் இரண்டு பேரும் கார்டைப் பிரித்துப் போட்டு, சூட்டைக் கடத்துகிற பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, வில்லைகளை ஒட்டி, பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் மாதிரி கண்ணும் கருத்துமாக மாட்டி முடித்தார்கள். ஐம்பத்துநான்கு டிகிரி. குழுவில் படம் போட்டார்கள். பாராட்டு கொட்டியது.

அவள் அலமாரிக்குள் போய், ஒன்றும் பேசாமல், வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து போட்டுக் கேட்டாள். அதே கொசு. பழைய கூலரே தேவலை என்று இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க அவரிடம் சொல்லிப் பார்த்தாள். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளேன் என்றார், இரைச்சல் விழுவது மைக்கில் என்பதை மறந்து. கடைசியில், "உனக்கு எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கணும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒரு புத்தகம் கைநழுவிப் போகிறது, போகிற சத்தம்கூட இந்த மனிதருக்குக் கேட்கவில்லையே என்று அவளுக்கு அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் யாரோ வீடு கட்டுகிறவரைப் பார்க்கப் போயிருந்தார். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். மூலையில் சின்னதாக ஒரு பெட்டி. அதில் ஐம்பத்துநான்கு என்ற எண், அதற்குக் கீழே ஃபேனின் வேகத்துக்கு ஒரு கோடு. கோடு கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குமேல் சுற்ற முடியாத வேகம். அவள் கடைக்குப் போன் போட்டாள். பக்கத்தில் புருஷன் இல்லாததால் கடைக்காரருக்கு வேறு வழியில்லை, அவளுக்கே பதில் சொன்னார்.

ஐம்பத்துநான்கா, எதற்கு என்று அவரே ஆச்சரியப்பட்டார். இந்தக் கார்டு எண்பது வரைக்கும் அலுங்காமல் வேலை செய்யும், அதற்காகவே செய்தது. ஃபேனைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள், ஒன்றும் ஆகாது. சிலபேர் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக முழு வேகத்தில் வைத்துக்கொள்வார்கள் என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டு குளிரவேண்டிய தேவையே இல்லை. ஒரு குழுவில் ஒரு எண்ணைக் காட்டிச் சபாஷ் வாங்குவதற்காக அவள் குரல் இரண்டு நாளாக வீணாகிக்கொண்டிருக்கிறது. மவுஸைப் பிடித்து அந்தக் கோட்டைப் பின்னால் இழுத்தாள். கொசு தணிந்தது. எண் ஏறத் தொடங்கியது. அறுபதைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது. கார்டு கருகிப்போனால் காலம் பூராவும் சொல்லிக்காட்டுவாரே என்று நினைத்தாள். ஆனாலும் கோட்டைத் திருப்பி ஏற்றவில்லை. எழுபத்தாறில் வந்து எண் நின்றது. அதுபாட்டுக்கு அங்கேயே இருந்தது. படமும் நிற்காமல் ஓடியது.

சீலிங் ஃபேனை நிறுத்தினாள். அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தாள். வெளியே புழுக்கமான மத்தியானம், உள்ளே அதைவிட. வியர்வை கண்ணுக்குள் இறங்கிற்று. துடைத்தால் துணி உரசுகிற சத்தம் விழும் என்று துடைக்காமலே படித்தாள். அவ்வளவு ஆத்திரத்தையும் எங்கே கொண்டுபோய் வைத்தாளோ, குரலில் ஒரு பிசிறு இல்லை.

அனுப்பி வைத்துவிட்டு வெளியே வந்து தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் சவுண்ட் இன்ஜினியரே கூப்பிட்டார். சுத்தமாக இருக்கிறது, புத்தகம் முழுக்க உங்களுக்குத்தான், திங்கட்கிழமை அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கிவிடுங்கள் என்றார். அவள் நன்றி சொன்னபோது வானொலியில் கூடத் தடுமாறாத நாக்கு தடுமாறியது.

கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டார், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜில்லுவுக்குப் போன் போட்டார்.

"நாம வாங்கின கூலர்டா. அண்ணிக்கு வேலை கிடைச்சிடுச்சு. ரூம்ல சத்தமே இல்ல, நீயே வந்து கேளு."

அவர் போனை வைக்கும்வரை பொறுத்திருந்து, ஃபேனைக் குறைத்தது தான்தான் என்று சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார். எழுபத்தாறு. முகம் வெளிறிப்போயிற்று. யாரைக் கேட்டுக் கை வைத்தாய் என்று கத்தினார். கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்டு பாவம், இந்தச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் என்னத்துக்கு ஆகும், குழுவில் என்ன சொல்லுவது என்று புலம்பிக்கொண்டே மவுஸைப் பிடித்தார்.

"ஏத்திக்கோங்க," என்றாள் அவள். "எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கோங்க. ஆனா திங்கட்கிழமையிலேருந்து இந்த ரூம்ல நான்தான் படிப்பேன். மேஜை எனக்கு. உங்க கம்ப்யூட்டர் அலமாரிக்குள்ள போகட்டும்."

அவர் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினார். விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை. அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். படிப்பு முடிந்து வெகுநேரம் ஆகியும் உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. முக்காலிமேல் அவள் படித்து முடித்தபின் துடைத்துப் போட்ட துண்டு, பிழிந்தால் சொட்டுகிற மாதிரி நனைந்து கிடந்தது. அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா? என்னம்மா பேசறே நீ? காத்தே வராதே. கதவைச் சாத்திட்டா உள்ள இருக்கிறது வெந்துபோயிடாதா?"

அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அப்புறம் மேஜைக்குப் போய்க் கீழே குனிந்து, கம்ப்யூட்டரை அங்கிருந்து எடுக்க எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.