கட்டைவாலுக்குக் கட்டிய மணி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனைவி எனக்கு இட்ட வேலை. அவள் கேட்டது கதைகூட இல்லை.

"நீங்கதான் பேப்பருக்கெல்லாம் எழுதுறீங்களே. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் நன்றி சொன்னதா நாலு வரி எழுதுங்க. எனக்கு அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல" என்றாள்.

நாலு வரியில் முடிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் எழுத்தாளன் ஆகப் போகிறேன்? பகலில் ரயில்வே அலுவலகத்தில் சரக்குச் சீட்டு எழுதுகிறேன். மற்ற நேரத்தில் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறேன். இரண்டிலும் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரிவதில்லை.

அந்த அக்கா பெயர் கெர்ட்ரூட். அவர் கணவர் கொர்னேலியஸ் ரயில் கார்டு. அவருக்குத் துறைமுக ஊரான கிள்ளானுக்கு மாற்றல் வந்துவிட்டது. சனிக்கிழமை குடும்பத்தோடு போகிறார். தீபாவளிக்கு முன்பிருந்தே அந்த அக்காவுக்கும் என் புஷ்பவல்லிக்கும் பேச்சு இல்லை. சனிக்கிழமைக்குள் அவள் நன்றியை வேலிக்கு அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். கதையின் சிக்கல் இவ்வளவுதான்.

2

தொடக்கங்கள்:

1931ஆம் ஆண்டு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—

[விட்டுவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் முதலில் நீளுவது கதிரவன் கை இல்லை, இன்ஜின் புகை.]

பறவைகளை நேசித்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு—

[இதுவும் வேண்டாம். புஷ்பவல்லி பறவைகளை நேசித்து ஆரம்பிக்கவில்லை. பேச ஆள் இல்லாமல் ஆரம்பித்தாள்.]

அந்தக் கடைசி வாக்கியத்தை அடைப்புக்குள் வைத்திருக்கக் கூடாது. அதுதான் கதை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி என்னை நம்பி இந்த நாட்டுக்கு வந்தவள். நான் வேலைக்குப் போனால் வீட்டில் அவளும் சுவரும்தான்.

3

காலையில் பூஜை முடித்து, அம்மா கொடுத்தனுப்பிய வெண்கலக் கைமணியை ஆட்டி, சாமிக்குக் காட்டிய சோற்றைக் காக்கைக்கு வைப்பாள். சில நாளில் மைனா வந்தது. பிறகு சிட்டுக்குருவிக் கூட்டம், ஒரு ஜோடிப் புள்ளிப்புறா, அணில். பப்பாளியைப் பறிக்காமல் மரத்திலேயே பழுக்க விட்டாள், கொண்டைக்குருவி வந்தது. செம்பருத்தி வைத்தாள், தேன்சிட்டு வந்தது. கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தாள், எல்லாம் வந்து குளித்தன.*

* எனக்கு மட்டும் பப்பாளி கிடைக்கவில்லை. இதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு பூனை உண்டு. அவை எல்லார் வீட்டையும் தம் வீடாக நினைத்து உலாவின. அவள் சோற்றுத் தட்டை ஒரு கம்பத்தின் உச்சியில் அறைந்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, பூனை ஏற முடியாதபடி கம்பத்தைச் சுற்றிக் கட்டினாள். பூனைகள் ஏறிப் பார்த்தன, சறுக்கின, வெட்கப்பட்டுப் போய்விட்டன.

இதற்குள் ஒரு விஷயம் நடந்திருந்தது. மணிச் சத்தம் கேட்டாலே குருவிகள் கூரையிலிருந்து இறங்கிவிடும். சோறு வரும் வரைகூடக் காத்திருப்பதில்லை. "பாத்தீங்களா, பக்தி!" என்றாள். பசி என்றேன் நான். அன்று எனக்குக் காப்பி தாமதமாக வந்தது.

4

இனி கட்டைவால். கெர்ட்ரூட் அக்காவின் பூனை. இந்த நாட்டுப் பூனைகளுக்குப் பிறவியிலேயே வால் முக்கால்வாசி இல்லை. இருக்கிற கொஞ்சமும் மடங்கியிருக்கும்.

வில்லன் இல்லாமல் கதை நகராது என்று இதை முதலில் வில்லனாக எழுதினேன். புஷ்பவல்லிக்குப் படித்துக் காட்டினேன். "எலிய எழுதுனீங்களா?" என்றாள். இல்லை. "அப்ப அது பொய்க்கதை" என்றாள்.

சரி, எலி. சரக்குக் கொட்டகையில் அரிசி மூட்டை இருக்கும் வரை எங்கள் குடியிருப்பில் எலிக்குக் குறைவில்லை. அக்காவின் குழந்தை டொரத்தியின் குதிகாலைத் தூக்கத்தில் எலி கடித்துவிட்டது. அதன் பிறகு அந்த அக்கா கண் மூடித் தூங்கியதே கட்டைவால் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆகவே வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்திக்குக் குருவி வேண்டும். அந்தப் பக்கம் ஒருத்திக்குப் பூனை வேண்டும். இரண்டு பெண்களுக்கோ ஒருவரை விட்டால் ஒருவர் இல்லை. தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும். ஒரு வருஷம் கேக்கில் முட்டை இருக்குமோ என்று இவள் யோசிக்க, அது தெரிந்து அக்கா இவளுக்கென்று தனியாக ரவை உருண்டை பிடித்தார்.

கட்டைவால் கம்பத்தில் ஏறவில்லை. கீழே சிந்திய சோற்றைக் குருவிகள் பொறுக்கும்போது வேலியிலிருந்து குதித்தது. ஒரு மைனா வால் இறகை விட்டுத் தப்பியது.

5

பூனையும் மணியும் ஒரே கதையில் வந்தவுடன் உங்களுக்கு ஒரு பழைய எலிக்கதை ஞாபகம் வரும். அது வேண்டாம். இங்கே பூனைக்கு மணி கட்ட யாரும் பயப்படவில்லை. அக்காவே பூனையை மடியில் பிடித்துக்கொண்டார், என் மனைவி கட்டினாள்.

கடையில் இரண்டு மாதிரி இருந்தன. ஒன்று கலகலவென்று தகரம் உருட்டுகிற சத்தம். மற்றது நாக்கு வைத்த சின்ன வெண்கல மணி. மெதுவாக, இனிமையாக ஒலித்தது.

"அது வேணாங்க. டொரத்தி தூங்குற நேரத்துல கலகலன்னு சுத்துனா புள்ள முழிச்சுக்கும். இதையே வாங்குவோம்" என்றாள்.

வாசகரே, ஒரு நிமிடம் நில்லுங்கள். நல்ல மனசு செய்த தப்பு இது. இனிமேல் வரும் எதற்கும் அவளைக் கோபிக்க வேண்டாம்.

6

மறுநாள் காலை பூஜைக்கு முன்பே கட்டைவால் வேலி தாண்டி எங்கள் புல்லில் நடந்து வந்தது. கழுத்தில் மணி ஒலித்தது.

குருவிகள் ஓடவில்லை. இறங்கி வந்தன. சோறு வந்துவிட்டது என்று வந்தன. முதலில் வந்தது பெண்புறா.

[இங்கே இருந்த நான்கு வாக்கியங்களை அடித்துவிட்டேன். அவை நன்றாகத்தான் இருந்தன. அதனால்தான் அடித்தேன்.]

7

சண்டை வேலியோரம் நடந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பூனைக்குத் தீனி போடவா நான் குருவி வளத்தேன்?" என்றாள் இவள்.

"மணி கட்டுனது நீதானே புஷ்பா? பூனையா வந்து கேட்டுச்சு?" என்று அக்காவும் விடவில்லை. கழுத்து மணியைப் பிடுங்கி எங்கள் பக்கம் எறிந்தார்.

அப்போது புஷ்பவல்லி ஒன்று சொன்னாள். அதை எழுத வேண்டாம் என்று நான் நினைத்தேன். எழுதச் சொன்னது அவள்தான். "புள்ளைய எலிகிட்ட விட்டுட்டுத் தூங்குனவங்கதானே நீங்க" என்றாள்.

கெர்ட்ரூட் அக்கா பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தத் தீபாவளிக்கு முறுக்கு போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு எதுவும் வரவில்லை.

8

நன்றி எங்கே என்று கேட்பீர்கள். வருகிறது.

அதன் பிறகு தினமும் புஷ்பவல்லி ஒரு கையில் மணியும் மறு கையில் விளக்குமாறுமாகப் பூஜை செய்தாள். சாமி என்ன நினைத்தாரோ தெரியாது. குருவிகள் தயங்கித் தயங்கி வந்தன, தின்றன, போயின. கட்டைவால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரங்கள் போன பிறகுதான் இவளுக்கு உறைத்தது. விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

இவள் மணி அடித்ததும் அங்கே கெர்ட்ரூட் அக்கா கையில் நெத்திலியோடு பின்வாசலுக்கு வருவார். கட்டைவால் எங்கிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்கு ஓடும். கதவைச் சாத்துவார். குருவிகள் தின்று முடித்துப் பறந்த பிறகுதான் திறப்பார். தவறாமல் ஜெபமாலை சொல்லுகிற பெண், தினமும் எங்கள் பூஜை மணிக்காகக் காது கொடுத்து நின்றிருக்கிறார். பேச்சே இல்லாத காலம் முழுவதும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

புஷ்பவல்லி உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நான் அவ்வளவு சொன்னேனே" என்றாள்.

9

முடிவுகள்:

(அ) வேலியோரம் இருவரும் கட்டிக்கொண்டு கண்ணீர் விடுகிறார்கள். [படித்துக் காட்டினேன். "நாடகக் கொட்டகையில போய்ப் போடுங்க" என்றாள்.]

(ஆ) புஷ்பவல்லியைக் கொத்த வந்த நாகத்தைக் கட்டைவால் கொன்று— ["பாம்பு எப்பங்க வந்துச்சு?"]

(இ) மாற்றல் ரத்தாகிவிடுகிறது. [இது என் ஆசை. ரயில்வே என் கதைகளைப் படிப்பதில்லை.]

வியாழக்கிழமை வரை இவ்வளவுதான் எழுத முடிந்தது.

10

இது ஞாயிற்றுக்கிழமை எழுதுவது.

நேற்றுக் காலை வழக்கம்போல மணி அடித்தது. வழக்கம்போலக் கட்டைவால் ஓடியது. அக்கா நெத்திலி போட்டு, இந்த முறை அதைப் பிரம்புக் கூடைக்குள் விட்டு மூடினார். வாசலில் சாமான் வண்டி நின்றது. என் மூன்று முடிவுகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வழியனுப்ப நானும் போய் நின்றேன். புஷ்பவல்லி ஈரக் கையோடு வந்தாள். கையில் கைமணி.

"அக்கா, புது ஊர்ல வெளிய விட்டா இது வழி தெரியாமப் போயிரும். இந்த மணிய அடிங்க. இந்தச் சத்தத்துக்குத்தான் வீட்டுக்கு வரும்."

அக்கா கை நீட்டவில்லை. "இது சாமி மணி லா. உங்கம்மா குடுத்தது."

"சாமிக்கு மணி இல்லாட்டியும் காது கேக்கும்க்கா. பூனைக்குத்தான் கேக்காது."

"உன் குருவிங்க?"

"தட்டத் தட்டிக்கிறேன். பழகிக்கும்."

கெர்ட்ரூட் அக்கா மணியை வாங்கினார். அது ஒலிக்காதபடி நாக்கை விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு இடுப்பில் இருந்த டொரத்தியின் காலைத் தூக்கிக் காட்டினார். "பாரு புஷ்பா. தழும்புகூட இல்ல இப்ப."

புஷ்பவல்லி அந்தக் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டிக்காரர் கூப்பிடும் வரை விடவில்லை.

இன்று காலை அவள் கரண்டியால் தட்டைத் தட்டினாள். குருவிகள் கூரை விளிம்பில் உட்கார்ந்து அவளைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடியும் தட்டினாள். இப்போதும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

கிள்ளானில் இதைப் படிப்பவரே, ரயில்வே குடியிருப்புப் பக்கம் போனால் கொஞ்சம் நின்று கேளுங்கள். அங்கே பூஜை மணி ஒலிக்கிறதா? வால் இல்லாத ஒரு பூனை வீடு திரும்புகிறதா? பார்த்த உடனே எனக்கு எழுதுங்கள். இங்கே ஒருத்தி காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள். கடைசி வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.