குன்செஸின் பாட்டரி

அந்தக் குளிர்காலத்தில் புன்ச்சோக் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து இடம் பாட்டரிக்குத்தான். வீட்டுக்காரருக்கே அதற்கு அடுத்த இடம். அவர் மனைவி யாங்டோல் கிடைத்த மூலையில் உட்கார்ந்துகொள்வாள். லடாக்கில் பனி வந்துவிட்டால் வீடு முழுவதும் சமையலறைக்குள் சுருங்கிவிடும். சாப்பாடு, தூக்கம், சண்டை, விருந்து எல்லாம் அந்த இரும்பு அடுப்பைச் சுற்றித்தான். கம்பளித் துண்டின்மேல் சம்மணம் போட்ட பெரிய மனிதரைப் போல வீற்றிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "பாட்டரி லேவுக்கு ஒரு கிண்ணம் ஊத்தலையா?" என்று கேட்டார்கள். மூத்தவர்கள் பெயரோடு சேர்க்கிற 'லே' என்ற மரியாதையை அதற்கும் போட்டுவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புன்ச்சோக் சார்ஜரின் விளக்கு பச்சையாக எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வார்.

பாட்டரி அவர் மகள் குன்செஸின் புல்லட்டுடையது. கோடை முழுவதும் வெளியூர்க்காரர்களைக் கணவாய்களுக்கு மேலே அழைத்துப் போவதுதான் அவள் பிழைப்பு. முன்னால் அவள் வண்டி, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு தடியன்கள். பெண் பார்க்க வந்த வீட்டாரிடமே, மாப்பிள்ளைக்குப் பின் சீட்டில் உட்காரச் சம்மதமா என்று கேட்டு, வந்தவர்களை வந்த வழியே அனுப்பிய வாய் அது. புன்ச்சோக் அன்று கோபப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சிரித்தார்.

அந்த வருஷம் இலை உதிர்கிற நேரத்தில், அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சண்டிகருக்குப் போ என்றார்கள். புறப்படுகிற அன்று காலை, சும்மா தொட்டாலே கன்றிப்போகிற கைகளை வைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் காட்டிக்காட்டி அவளே பாட்டரியைக் கழற்றினாள்.

"பாத்துக்கோங்க அபா லே. கழட்டும்போது முதல்ல கறுப்பு ஒயர், அப்புறம் சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதல்ல. இது கிழட்டு பாட்டரி. சும்மா விட்டா தானா தீர்ந்திரும். தீர்ந்துட்டா இந்தக் குளிர்ல உறைஞ்சு வெடிச்சிரும். முழுசா இருந்தா குளிர் ஒண்ணும் பண்ணாது. ஏப்ரல்ல நான் வந்து பட்டனைத் தொட்டதும் கிளம்பணும், ஆமா."

அவர் தானும் கூட வருவதாகச் சொன்னார். மாட்டை யார் பார்ப்பது, இதை யார் பார்ப்பது என்று அவள் மறுத்துவிட்டாள். யாங்டோலின் தம்பி ரிக்சின் அவளோடு போனான்.

ஜீப் மறைந்ததும் புன்ச்சோக் பாட்டரியைக் குழந்தையைத் தூக்குவதுபோல உள்ளே தூக்கி வந்தார். அந்தக் கணத்தில்தான் அவர் மனத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். இது சாகாத வரைக்கும் அவளும் சாகமாட்டாள். வாய்விட்டுச் சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதனால் சொல்லவில்லை. ஆனால் அதைத் தவிர வேறெதையும் அவர் அந்தக் குளிர்காலத்தில் நம்பவில்லை. கோயிலுக்குப் போய் விளக்கேற்றியது கூட யாங்டோலின் வாய்க்குப் பயந்துதான்.

ஊருக்கு மின்சாரம் ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற சின்ன இயந்திரத்திலிருந்து வரும்; அதுவும் மாலையில் சில மணி நேரம்தான். லோசர் என்கிற புத்தாண்டுப் பண்டிகை முடிந்த கையோடு ஓடை அடிவரைக்கும் உறைந்துபோயிற்று. விளக்கு இல்லை, சார்ஜர் இல்லை. புன்ச்சோக் தினமும் ஒரு குட்டி பல்பை இரண்டு ஒயரால் பாட்டரியோடு தொட்டுப் பார்ப்பார். முதலில் பளிச்சென்று எரிந்தது மஞ்சளானது. பிறகு கங்குபோலச் சிவந்தது. இரவில் அடுப்பு அணைந்தால் குடத்துத் தண்ணீரே கல்லாகிற காலம். அதே வாரத்தில் ஊர்த்தலைவரின் போனில் ரிக்சின் பேசினான். குன்செஸுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றான். அவருக்கு இரண்டும் ஒரே செய்தியாகப் பட்டது.

கணவாய்ப் பாதையில், அரை நாள் நடைத் தூரத்தில், ராணுவ முகாம் இருந்தது. அங்கே ஜெனரேட்டர் ஓடும். அவர் முதுகுக் கூடையில் பாட்டரியை ஆட்டுத்தோலால் சுற்றி வைத்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் அவளே பேசறாளாம்" என்றாள் யாங்டோல். "நாளைக்குப் போங்களேன்."

"நாளைக்குள்ள இது உறைஞ்சிருச்சுன்னா?"

அவ்வளவுதான் சொன்னார். பனியில் முழங்கால் புதையப் புதைய நடந்தார். முகாமில் சிப்பாய்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கிழவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் பிளக்கில் மாட்டிக் கொடுத்தார்கள். ராத்திரி அங்கேயே அதன் பக்கத்தில் படுத்தார். மறுநாள் பல்பு கண்ணைக் கூசவைத்தது. அந்தச் சந்தோஷத்தில் திரும்பும் வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மகள் பிழைத்துக்கொண்டாள் என்றே நினைத்துவிட்டார், பாவம்.

வாசலிலேயே யாங்டோல் சொன்னாள்.

"பேசினா. அபா லே எங்கன்னு கேட்டா. உன் பாட்டரியை முதுகுல சுமந்துகிட்டு மிலிட்டரி கேம்ப்புக்குப் போயிருக்கார்னேன். சிரிச்சா. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சா. நாளைக்குப் பேசறேன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

அந்த நாளைக்கு அன்றுதான். புன்ச்சோக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். பொழுது சாயும் வேளையில் போன் அடித்தது. பேசியது ரிக்சின்.

உடலை அங்கேயே எரித்துவிட்டு ரிக்சின் சாம்பலோடு வந்தான். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் வந்து, வழக்கப்படி, வீட்டின் வேலையெல்லாவற்றையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இழவு வீட்டுக்காரர்கள் எதையும் தொடக்கூடாது. சமையலறையில் இடம் பண்ணுவதற்காக யாரோ பாட்டரியைக் கொண்டுபோய் வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டார்கள். புன்ச்சோக் எழுந்துபோய் எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தார்.

லாமா சொன்னார்: போன உயிர் ஏழு வாரம் வழி தேடி அலையும், அதுவரை அழாதீர்கள், உங்கள் கண்ணீர் அவள் பாதையில் ஆலங்கட்டியாக விழும், அவள் சாமான்களைத் தானம் கொடுத்துவிடுங்கள், பற்று இருந்தால் திரும்பித் திரும்பி வருவாள். உடைகள், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் பிக்குணி மடத்துக்குப் போயின. பாட்டரி போகவில்லை. ஓடை இளகி மின்சாரம் வந்ததும் அவர் மறுபடி சார்ஜரை மாட்டினார்.

யாங்டோல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பிளக்கைப் பிடுங்கினாள்.

"நாம பிடிச்சு வச்சா அவ இந்த வாசல்லயே நின்னுகிட்டிருப்பா. விட்டுருங்க."

"வாக்குக் கொடுத்தேன்டி."

"என்ன வாக்கு? நீங்க கூடப் போனா ஆஸ்பத்திரியில உடைஞ்சு போயிருவீங்கன்னு தெரிஞ்சுதான் இதைக் கையில கொடுத்துட்டுப் போனா. பாட்டரிக்காக இல்ல. உங்களுக்காக."

அது உண்மை என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. இந்தப் பாட்டரியை அவர் இப்போது வெறுத்தார். அதன் பச்சை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. வீட்டுச் சூட்டையெல்லாம் குடித்துவிட்டு அது இருக்கிறது. இருக்க வேண்டியவள் இல்லை. அதன் உயிரைப் பிடித்துவைக்கப் போய் மகளின் குரலைத் தொலைத்தார். ஆனாலும் இன்னொன்றும் தன் கண்முன்னால் அணைவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பிளக்கைத் திரும்ப மாட்டினார். யாங்டோல் அப்புறம் அதைத் தொடவில்லை.

ஏப்ரலில் பாதை திறந்தது. ஊர் ஊராக நடந்துபோய் வைத்தியம் பார்க்கிற பிக்குணி பால்மோவுக்கு வண்டியைக் கொடுத்துவிடுவதென்று யாங்டோல் முன்பே சொல்லி வைத்திருந்தாள். புன்ச்சோக் மறுக்கவில்லை. பால்மோ வந்து நின்றபோது அவர் பாட்டரியை முற்றத்துக்குத் தூக்கி வந்தார். சிவப்பு முதலில். பிறகு கறுப்பு. கறுப்பு ஒயரின் திருகை முடுக்காமல் விட்டுவிட்டால் என்ன என்று கை ஒரு நொடி நின்றது. பிறகு ஸ்பானரால் இறுக முடுக்கினார்.

கிளம்பாதே, கிளம்பாதே என்று அவர் வேண்டிக்கொண்டார். குளிர்காலம் முழுவதும் எதற்காகத் தலையால் தண்ணீர் குடித்தாரோ அதற்கு நேர் எதிராக வேண்டினார். உதவாத வண்டி என்று பால்மோ விட்டுவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பியது.

பால்மோவின் முகம் மலர்ந்தது. இத்தனை மாதம் நின்ற வண்டி மாதிரியே இல்லை என்றாள். "ரொம்ப நல்லா காப்பாத்தியிருக்கீங்க, அபா லே."

"இதைத்தான் காப்பாத்த முடிஞ்சது" என்றார் புன்ச்சோக்.

பால்மோ தலை குனிந்து வணங்கிவிட்டுப் புறப்பட்டாள். சத்தம் ஆற்றோரம் போய், பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, கேட்காமல் போனது. அவர் அசையவில்லை. யாங்டோல் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் அவர் அழுதார்.